அசையாமல் படுத்திருந்த ஜூலி: கலைக்கூடத்துக்கு வந்த ஒரு வளர்ப்பு நாய் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு சமூகக் கலைக்கூடம் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட நாளில், உறுப்பினர் ஒருவரின் வளர்ப்பு நாயும் வந்திருந்தது. குழந்தைகளின் ஓவிய வகுப்புக்கு மாடலாக இருப்பதுதான் அதன் வேலை. வகுப்பு முடியும் தறுவாயில் ஒரு சிறுமியின் முகத்தருகே அது வெடுக்கென்று வாயைத் திறந்து மூடியது. பல் படவில்லை. அன்றிரவு வாந்தியும் அடங்காத தாகமுமாகக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஒரே நாளில் ஒரே நாய்க்கு நடந்தவைதான், ஆனால் இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. நிர்வாகக் குழு முதலாவதைப் பற்றி மட்டும் நெடுநேரம் பேசியது. உயிருக்கே உலை வைத்திருக்கக்கூடியது இரண்டாவது.

நாய்களின் நடத்தை பற்றிப் பயிற்சி தருபவன் என்பதால், நடந்ததை விசாரித்து எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். இருந்தவர்களிடம் பேசினேன், அறைகளைப் பார்த்தேன், குழந்தைகள் வரைந்த தாள்களை ஆசிரியரிடமிருந்து வாங்கி வரிசைப்படுத்தினேன். ஆட்களின் பெயர் எதையும் இதில் சேர்க்கவில்லை. நாயை ஜூலி என்று வைத்துக்கொள்வோம்.

வந்த நாய்

ஆறு வயது, கலப்பினம், 18 கிலோ எடை, கருத்தடை செய்த பெண் நாய். குட்டியிலிருந்தே பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் வளர்ந்தது. உட்கார், படு, இரு என்று சொன்னால் கேட்கும். 'இரு' என்றால் எவ்வளவு நேரமானாலும் இருக்கும் என்பதில் உரிமையாளருக்குப் பெருமை. யாரையும் கடித்ததில்லை. குழந்தைகளோடு பழக்கம் என்றால் நடைப்பயிற்சியில் எதிரே வருபவர்கள்தான், அதுவும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

வருவதற்கு முன் கலைக்கூடம் கேட்டது தடுப்பூசிச் சான்று ஒன்றை. சான்று சரியாகவே இருந்தது. மற்றபடி விசாரித்த மூன்று பேரும் என்னிடம் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நல்ல நாய் சார், ஒண்ணும் பண்ணாது." அந்த வாக்கியத்தை நான் நம்புகிறேன், இன்றைக்கும்கூட. ஜூலி நல்ல நாய்தான். ஆனால் ரேபிஸ் பற்றிய கேள்விக்குச் சான்று பதில் சொல்லும், குணம் பற்றிய கேள்விக்கு உரிமையாளர் பதில் சொல்வார். பதினான்கு குழந்தைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது இந்த நாய்க்குப் போதும் என்று தோன்றினால் எந்த வழியாகப் போகும் என்ற கேள்வியை யாரும் யாரிடமும் கேட்கவில்லை. இந்த ஆய்வு முழுக்கவே அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

நடந்தது, வரிசையாக

வகுப்பு நடந்தது நடுக்கூடத்தில். தரை வழுவழுப்பானது, உள்ளே வரும்போதே ஜூலி இரண்டு முறை சறுக்கியிருக்கிறது. நடுவில் முழங்கால் உயர மேடை, அதன்மேல் பழுப்புக் காகிதம், மேலிருந்து ஒரு விளக்கு. மேடையைச் சுற்றிக் குழந்தைகள் முழு வட்டமாக, மடியில் வரைபலகையோடு உட்கார்ந்திருந்தார்கள். மனித மாடலை வரையும் வகுப்புகளில் இப்படித்தான் உட்காருவது வழக்கம். எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம், யாரும் யாரையும் மறைக்க மாட்டார்கள்.

முதலில் ஒரு நிமிடக் கீற்றுப் படங்கள். அடுத்து ஐந்து நிமிடப் படங்கள். பிறகு இடைவேளை. அதில் குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்து ஜூலியின் தலையைத் தடவினார்கள். பதினான்கு பேரும். நாய்க்குத் தண்ணீர் வைக்கவோ வெளியே கூட்டிப்போகவோ இல்லை. இந்த நேரத்தில் உரிமையாளரை மண்பாண்ட அறையில் யாரோ கூப்பிட, வாரை ஒரு தன்னார்வலரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த இளைஞர் ஜூலியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

இடைவேளைக்குப் பின் ஒரே நிலையில் இருபது நிமிடப் படம். ஜூலி அசையவேயில்லை. "பொம்மை மாதிரி இருந்துச்சு" என்றார் ஆசிரியர், மெச்சிக்கொண்டே. முடிந்ததும் குழந்தைகள் எழுந்து, தங்கள் படத்தை நாயிடமே காட்டப் போனார்கள். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பின்பக்கமாக வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தைச் சாய்த்தாள். அப்போதுதான் அந்த வெடுக்.

சிறுமி அழவில்லை, மற்றவர்கள்தான் கத்தினார்கள். உரிமையாளர் ஓடிவந்து ஜூலியை மண்பாண்ட அறை வழியாகக் கொல்லைப்புறம் கொண்டுபோகப் பார்த்தார். பாதியில் சிறுமியின் அம்மா வரவே, வாரை ஓர் அலமாரியின் காலில் கட்டிவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்கத் திரும்பினார். பேச்சு நீண்டது. அந்த நேரத்தில் ஜூலியை யாரும் பார்க்கவில்லை.

பதினான்கு பேர் வரைந்த சாட்சி

இப்படிப்பட்ட சம்பவங்களை விசாரிக்கும்போது பெரும்பாலும் கையில் இருப்பது ஆளுக்கொரு ஞாபகம்தான். "சும்மாதான் இருந்துச்சு, திடீர்னு பாஞ்சுடுச்சு" என்பார்கள். இங்கே நல்வாய்ப்பாக, ஏறத்தாழ ஒரு மணி நேரமாக அந்த நாயை உற்றுப் பார்த்துப் பதிவுசெய்த பதினான்கு பேர் இருந்தார்கள். வகுப்பு முறைப்படி ஒவ்வொரு தாளிலும் அது எத்தனையாவது படம் என்று மூலையில் எண் போட்டிருந்தார்கள். கேமரா வைத்திருந்தால்கூட இவ்வளவு கோணங்கள் கிடைத்திருக்காது.

ஒரு நிமிடப் படங்களில் காதுகள் மேலே நிற்கின்றன. வாய் திறந்து, நாக்கு தெரிகிறது. வாலை நிறையப் பேர் இரண்டு மூன்று கோடுகளாகப் போட்டிருக்கிறார்கள், ஆடிக்கொண்டே இருந்ததால். இத்தாலிய ஓவியர் ஜாக்கமோ பல்லா 1912இல் வாரோடு நடக்கும் ஒரு டாக்ஸ்ஹுண்ட் நாயை வரைந்தபோது காலையும் வாலையும் இப்படித்தான் பல அடுக்காகத் தீட்டினார். குழந்தைகளுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, கண் சொன்னதைக் கை செய்திருக்கிறது.

ஐந்து நிமிடப் படங்களில் வாய் மூடிவிட்டது. ஏறக்குறைய எல்லாத் தாளிலும். காது பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. ஒரு பையன் படத்துக்குக் கீழே "கொட்டாவி" என்று எழுதி வைத்திருக்கிறான். அதைப் பற்றிக் கேட்டேன். "அது கொட்டாவி விடுது, தூக்கம் வருது போலன்னு சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க" என்றான். படுத்தே கிடக்கும் நாய், பகல் வெளிச்சம், சுற்றிலும் சத்தம், அதில் அடுத்தடுத்து கொட்டாவி என்றால் அது தூக்கக் கலக்கமாக இருக்காது. கொட்டாவி, உதட்டை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியவற்றை நார்வேயைச் சேர்ந்த நாய்ப் பயிற்றுநர் தூரிட் ருகாஸ் ஒரு தொகுப்பாக விவரித்த பிறகு, இத்துறையில் இருப்பவர்கள் இவற்றைத்தான் முதலில் தேடுவார்கள். பதற்றத்தில் இருக்கும் நாய், சண்டைக்குப் போகாமல் நிலைமையைத் தணிக்கப் பார்க்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. வட்டத்தின் மூன்று வெவ்வேறு பக்கங்களில் உட்கார்ந்திருந்த மூன்று குழந்தைகளின் தாள்களில் ஜூலியின் பின்தலைதான் இருக்கிறது. ஒரே நேரத்தில் மூவருக்கும் பின்தலை தெரிய வழியில்லை. அப்படியானால் ஜூலி ஒவ்வொரு பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு பக்கம் திரும்பினால் இன்னொரு பக்கத்துக் கண்கள். மனிதர்களே இல்லாத பக்கம் ஒன்றை அது தேடியது, முழு வட்டத்தில் அப்படி ஒரு பக்கம் கிடையாது. மனித மாடலுக்கு அது பார்வையாளர் வட்டம், நாய்க்கு வேலி.

இருபது நிமிடப் படங்களில் வால் காணாமல் போகிறது. பின்பக்கம் உட்கார்ந்தவர்களின் தாளில்கூட இல்லை, வயிற்றுக்கு அடியில் போய்விட்டது. ஒரு சிறுமி நான்கு பாதங்களுக்கும் கீழே கறுப்பாக வட்டம் போட்டிருக்கிறாள். நிழலா என்று கேட்டால், "இல்ல, அங்க ஈரமா இருந்துச்சு" என்றாள். நாய்க்கு உள்ளங்காலில் வியர்க்கும், பயத்தில் கூடுதலாக வியர்க்கும். மேடையில் விரித்திருந்த பழுப்புக் காகிதத்தை ஆசிரியர் சுருட்டி வைத்திருந்தார். ஈரம் காய்ந்த தடங்கள் அதில் அப்படியே இருந்தன. வாசல் பக்கத்து ஓரத்தில் நகக் கீறல்களும் இருந்தன.

இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பையனின் தாளில் கண் இருக்கும் இடம் அழித்து அழித்துத் தேய்ந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பழைய கோடு தெரிகிறது. கண்ணின் ஓரத்தில் பிறை மாதிரி பெரிய வெள்ளை. ஆசிரியர் வந்து, "நாய்க்கு வெள்ளை முழி இவ்ளோ தெரியாதுப்பா, கறுப்பா போடு" என்று திருத்தியிருக்கிறார். பையன் அழித்துவிட்டான். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஒதுக்கிப் பார்க்கும்போதுதான் நாய்க்கு அந்த வெள்ளைப் பிறை தெரியும், கடிக்கும் கட்டத்தை நெருங்கிவிட்ட நாய்களில் அடிக்கடி காணும் அறிகுறி அது. பையன் பார்த்ததைத்தான் போட்டான். வாரைப் பிடித்திருந்த இளைஞரைக் காட்டிலும் அந்த அறையில் நாயைச் சரியாகப் படித்தவன் அவன் என்பது என் கணிப்பு.

மூக்கு, காது, கண்

இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. கூடத்தின் ஒருபுறம் எண்ணெய் வண்ண அறை, வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் ஜாடி மூடாமல் இருந்தது. நம் மூக்குக்கே எட்டும் நெடி. மறுபுறம் மண்பாண்டச் சக்கரங்கள் ஓடின. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு காது நின்றுவிடும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். மோட்டார் இரைச்சலில் நம் காதுக்கு எட்டாத பகுதியும் அதற்கு எட்டியிருக்கலாம். தலைக்கு மேல் விளக்கின் சூடு வேறு.

ஒன்று மட்டும் சொல்லத்தக்கது. நடுவில் ஜூலியின் கவனத்தைத் திருப்ப, பச்சை விரிப்பின்மேல் ஒரு சிவப்புப் பந்தை ஆசிரியர் உருட்டிவிட்டிருக்கிறார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எவ்வளவு அடக்கம்" என்று நினைத்தாராம். நாயின் கண்ணில் நிறமறியும் கூம்பு செல்கள் இரண்டே வகை. 1989இல் நைட்ஸ், கைஸ்ட், ஜேக்கப்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் இது உறுதியானது. நீலத்தையும் மஞ்சளையும் பிரித்தறியும், சிவப்பும் பச்சையும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரே மங்கல். வண்ணத்தோடே புழங்கும் ஓர் இடத்தில் நாய்க்குத் தெரியாத ஜோடியாகப் பார்த்து எடுத்ததை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. அப்படியே பந்து தெரிந்திருந்தாலும், அந்த நிலையில் ஜூலி விளையாடியிருக்காது.

அந்த வெடுக்

குழுக் கூட்டத்தில் ஒருவர் "கடிக்கப் பாய்ந்தது, நல்லவேளை தப்பியது" என்றார். தப்பியதற்கு நல்லவேளை காரணமல்ல. கன்னத்தோடு கன்னம் ஒட்டியிருந்த குழந்தையைக் கடிக்க நினைத்த நாய்க்குக் குறி தவறாது. காற்றில் பல்லை அடித்துக் காட்டுவது எச்சரிக்கை. கால்நடை மருத்துவரும் பயிற்றுநருமான இயன் டன்பார் வகுத்த ஆறு நிலைக் கடி அளவுகோலில், தோலில் பல் படாத இந்த நடத்தை முதல் நிலை, அதாவது மிக லேசானது. நாய் தன் வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டது என்பதற்கு அது சாட்சி.

அதற்காக அலட்சியமாக விடலாம் என்று சொல்லவில்லை. சிறு குழந்தைகளை நாய் கடித்தால் பெரும்பாலும் தலையிலும் முகத்திலும் கழுத்திலும்தான் கடி விழுகிறது. அவர்களின் உயரம் அப்படி, குனிந்து கட்டிக்கொள்ளும் பழக்கமும் அப்படி. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் எந்த நிலையில் முடிந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேட்கவேண்டிய கேள்வி, ஏன் உறுமவில்லை என்பது. உறுமியிருந்தால் தன்னார்வலர்கூடச் சுதாரித்திருப்பார். இதை உரிமையாளரிடம் கேட்டபோது, குட்டியாக இருந்தபோது சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமும் என்றார். "அப்பவே அதட்டி அதட்டி நிறுத்திட்டோம். இப்பல்லாம் அவ உறுமவே மாட்டா சார்." நல்ல பழக்கம் என்று நினைத்து இதைச் செய்யும் வீடுகள் ஏராளம். அதட்டினால் உறுமல் போகும், உறுமலுக்குக் காரணமான அச்சம் போகாது. தட்டு விஷயத்தில் கற்றுக்கொண்டதை ஜூலி மேடைவரை கொண்டுவந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனாலும் கொட்டாவிக்கும் வெடுக்குக்கும் நடுவில் இருக்கவேண்டிய ஒரு படி காணவில்லை, அதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

'இரு' என்ற கட்டளையும் இதே கணக்கில்தான். எவ்வளவு நேரமானாலும் இருக்கப் பழகிய நாய், தாங்க முடியாத இடத்திலும் இருக்கும். அதைப் பார்ப்பவர்களுக்கு அமைதியான நாய் என்று தோன்றும். அசையாமை இரண்டு வகை. உடல் தளர்ந்து, இடுப்பு ஒருபக்கம் சாய்ந்து, மூச்சு சீராக வருவது ஒன்று. தசை இறுகி, வாய் மூடி, பாதம் நான்கும் தரையில் ஊன்றியபடி இருப்பது மற்றொன்று. இருபது நிமிடப் படங்களில் இடுப்பு சாய்ந்த ஜூலி ஒன்றுகூட இல்லை.

உப்பு மாவு இலைகள்

ஜூலியைக் கட்டிப்போட்ட அலமாரியின் கீழ்த்தட்டில், முந்தின வாரக் குழந்தைகள் உப்பு மாவில் செய்த இலைகள் காய்ந்துகொண்டிருந்தன. இரவு ஜூலி எடுத்த வாந்தியில் பச்சைச் சாயம் ஒட்டிய மாவுத் துணுக்குகள் இருந்தன. உரிமையாளர் மண்பாண்ட வகுப்புக்கு வருபவர் என்பதால் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. மறுநாள் தட்டில் எண்ணியபோது மூன்று இலைகள் குறைந்தன. மீதியை நிறுத்துப் பார்த்ததில் ஒன்று ஏறத்தாழ 25 கிராம்.

உப்பு மாவை விஷமற்றது என்று எல்லாரும் நினைக்கக் காரணம், அதில் இருப்பது மைதாவும் உப்பும் தண்ணீரும் மட்டுமே. வழக்கமான அளவு 2 கிண்ணம் மைதாவுக்கு 1 கிண்ணம் உப்பு. கேட்கும்போது உப்பு பாதிதான் என்று தோன்றும். நிறுத்துப் பார்த்தால் கதை மாறும். மைதா காற்றோட்டமானது, 250 மில்லி கிண்ணத்தில் சுமார் 130 கிராம் பிடிக்கும், இரண்டு கிண்ணம் 260. பொடியுப்பு ஒரு கிண்ணமே ஏறக்குறைய 300 கிராம். தண்ணீர் காய்ந்து போனபின் அந்த இலையின் எடையில் பாதிக்குமேல் உப்பு. மூன்று இலை 75 கிராம், அதில் உப்பு சுமார் 40 கிராம்.

நாய்க்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 2 கிராம் அளவில் உப்பு உள்ளே போனால் நச்சுக் குறிகள் தென்படலாம். 4 கிராமை நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. ஜூலியின் 18 கிலோவுக்கு 40 கிராம் என்றால் கிலோவுக்கு 2.2 கிராம். மயிரிழை தாண்டிய அளவு. ஐந்தாறு கிலோ எடையுள்ள ஒரு சிறிய நாய் அதே மூன்று இலைகளைத் தின்றிருந்தால் இந்த ஆய்வை வேறு மாதிரி எழுதவேண்டியிருக்கும்.

உப்பு இரத்தத்தில் ஏறும்போது செல்களிலிருந்து தண்ணீரை இழுக்கிறது, மூளையின் செல்கள் உட்பட. முதலில் வாந்தி, பேதி, தாகம். அதன்பின் தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு. அன்றிரவு அண்டை வீட்டில் ஒருவர், வயிற்றில் இருப்பது முழுசாக வெளியே வரட்டும் என்று உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பழைய கைவைத்தியம், பல வீடுகளில் இன்னும் உண்டு. இந்த நாய்க்கு அதைவிடக் கேடானது எதுவும் இருந்திருக்காது. உரிமையாளர் கேட்காமல் நேரே மருத்துவமனைக்குப் போனார், வாந்தித் துணுக்கையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு. மருத்துவர் இரத்தத்தில் சோடியம் பார்த்தார், அளவு கூடியிருந்தது. இரவு முழுக்க டிரிப்ஸ் ஏற்றி, இடையிடையே சோதித்து, படிப்படியாகவே இறக்கினார்கள். வெகுநேரம் கூடியே இருந்த சோடியத்தைச் சடாரென்று இறக்கினால் மூளை வீங்கிவிடும் அபாயம் உண்டு. மறுநாள் ஜூலி வாலாட்டிக்கொண்டு வீடு திரும்பியது.

கட்டிப்போட்டதும் ஏன் தின்றது? காலையிலிருந்து தண்ணீர்கூட இல்லை, பதற்றம் அப்போதுதான் தளர்கிறது, மூக்குக்கு நேரே மாவு வாசம். நாய்க்கு வேறு காரணம் தேவையில்லை.

குழு எடுத்த முடிவும் என் கருத்தும்

கூட்டத்தில் வந்த முதல் தீர்மானம்: இனி நாய்களுக்கு அனுமதி இல்லை. எளிமையான தீர்மானம், எனக்குப் புரிகிறது. ஆனால் அதை நிறைவேற்றினாலும் உப்பு மாவு இலைகள் அதே கீழ்த்தட்டில்தான் இருக்கும். பெற்றோரோடு வரும் தவழும் குழந்தைகளுக்கும் அந்தத் தட்டு எட்டும், அந்த அளவு உப்பு அவர்களுக்கும் ஆகாது. நாயை வெளியே அனுப்பிவிட்டு அலமாரியை அப்படியே விடுவது எப்படிப் பாதுகாப்பாகும் என்று கேட்டேன்.

எதிர்த்தரப்பில் ஒருவர், நோயாளிகளுக்கு ஆறுதலாக மருத்துவமனைகளுக்கே நாய்களைக் கூட்டிப்போகிறார்களே என்றார். உண்மைதான். நியூயார்க்கின் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தன் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தபோது பேசாத குழந்தை பேசத் தொடங்கியதைக் கவனித்து 1962இல் எழுதியதிலிருந்து இது வளர்ந்த துறை. ஆனால் அப்படிப் போகும் நாயும் அதன் உரிமையாளரும் ஒரு ஜோடியாக மதிப்பிடப்பட்டவர்கள். அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு அப்படி மதிப்பிட்ட நாய்களைக்கூட ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்குமேல் வேலை செய்ய விடுவதில்லை. வாரை வேறு யாரிடமும் கொடுக்கவும் அங்கே இடமில்லை. ஜூலி வீட்டு நாய். வீட்டு நாய்க்கு அந்தத் துறையின் பெருமையைக் கொடுத்துவிட்டு அதன் கட்டுப்பாடுகளைக் கொடுக்காமல் விட்டால் நடப்பதுதான் இங்கே நடந்தது.

கடைசியில் தடை வரவில்லை, மாற்றங்கள் வந்தன. நாய் மேடையில் ஏறாது. தரையில் வழுக்காத பாய், அதன் பின்னால் திறந்திருக்கும் கதவுவரை ஆளில்லாத பாதை. குழந்தைகள் அரைவட்டமாக உட்காருவார்கள். வார் உரிமையாளர் கையில் மட்டும் இருக்கும், அவர் எங்கே போனாலும் நாயும் போகும். 'இரு' என்ற கட்டளை வகுப்பில் கிடையாது. நாய் எழுந்து போனால் அந்தப் படம் அங்கே முடிந்தது.

தொடுவது பற்றி நீண்ட விவாதம். வரிசையில் நின்று தலையைத் தடவுவது முற்றாக நின்றுபோனது. தொட விரும்பும் குழந்தை உட்கார்ந்துகொண்டு கையைத் தன் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். நாய் வந்தால் மார்பிலோ தோளிலோ மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நாய் இன்னும் நெருங்கினால் தொடரலாம், நகர்ந்தால் விட்டுவிடலாம். குழந்தைகள் இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்குத்தான் கை சும்மா இருப்பதில்லை.

பொருள்களைப் பொறுத்தவரை அறை அறையாகப் போனோம். உப்பு மாவும் பாரிஸ் சாந்தும் மேல்தட்டுக்குப் போயின. டர்பன்டைன் ஜாடிக்கு மூடி வந்தது. அது நாயின் வயிற்றுக்குள் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று சுவரில் எழுதி ஒட்டினோம். மர வேலை அறையில் இருந்த பாலியூரிதேன் பசைதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. இனிப்பு வாசனை என்று நாய்கள் அதை நக்குவதுண்டு. வயிற்றின் ஈரத்தில் அது பல மடங்கு பொங்கி, கல்லாக இறுகி, அறுவைச் சிகிச்சையில் கொண்டுபோய் நிறுத்தும். அது இப்போது பூட்டிய பெட்டியில். காட்மியம், ஈயம் கலந்த நிறமிகள் இருக்கும் தட்டுப் பக்கம் நாய்க்கு வேலையே இல்லை. மயிரில் அக்ரிலிக் வண்ணம் ஒட்டினால் ஈரமாக இருக்கும்போதே சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும், காய்ந்துவிட்டால் மயிரை வெட்டிவிட வேண்டும். டர்பன்டைனால் துடைக்கலாம் என்று சொன்னவரும் கூட்டத்தில் இருந்தார்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்காக, நாய் வரும் நாளை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் எழுதுகிறார்கள். நாயின் எச்சிலிலும் பொடுகிலும் இருக்கும் புரதங்கள்தான் ஒவ்வாமையைத் தூண்டுபவை. நாய் போனபின்னும் அவை துணியிலும் விரிப்பிலும் தங்கும். ஆகவே நாய் வரும் வகுப்பு முற்றத்தில் மட்டும்.

இரண்டாம் வருகை

சில வாரம் கழித்து ஜூலி மீண்டும் வந்தது, முற்றத்துக்கு. தண்ணீர்க் கிண்ணம், பாய், பின்னால் திறந்த கதவு. பாயில் கொஞ்ச நேரம் படுத்தது, எழுந்து செடிகளை மோந்தது, திரும்பி வந்து அரைவட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒரு பையனின் முட்டியில் முகத்தை வைத்தது. வெள்ளை முழி வரைந்த அதே பையன். மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்தான். ஜூலி நகரவில்லை, அவனும் மறுபடி தடவினான். பிறகு அது எழுந்து கதவு வழியாகப் போய்விட்டது, வகுப்பும் முடிந்தது.

ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 1990களில் தன் இரு டாக்ஸ்ஹுண்டுகளை வரைந்தபோது, தரையோடு தரையாகத் தாழ்ந்த ஓவியத் தாங்கிகளை வீட்டில் தயாராக வைத்திருந்து, அவை படுத்த நேரத்தில் அவசர அவசரமாக வரைந்தார். அதை அறிந்திருந்த ஆசிரியர் இம்முறை குழந்தைகளை வரைபலகையோடு தரையில் உட்கார வைத்திருந்தார். தாள்களில் ஒரு காது, பாதி முதுகு, மூன்று வால், யாரோ ஒருவரின் செருப்பை மோந்த மூக்கு. முழு நாய் ஒன்றும் இல்லை. அழைத்துப்போக வந்த ஒரு அப்பா தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு படம்கூட முழுசா இல்லையே சார்" என்றார். போன தடவை முழுசாக இருந்த படங்களைத் தானும் சேர்ந்துதான் பாராட்டியதாகச் சொன்ன ஆசிரியர், உள்ளே போய் அவற்றில் ஒன்றை எடுத்துவந்து அவரிடம் நீட்டி, வால் எங்கே என்று தேடச் சொன்னார்.

தையல் அறைக்கு மட்டும் இன்னும் தீர்வு இல்லை. ஊசி கோத்த நூலை நாய் விழுங்கினால் குடல் சுருங்கி மடிந்து கிழியும் அபாயம் உண்டு. அந்தத் தரையை எவ்வளவு பெருக்கினாலும் ஏதோ ஒரு ஊசி எங்கேயாவது கிடக்கிறது. காந்தம் வைத்துத் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்தக் கதவு நாய்களுக்குச் சாத்தியே இருக்கும்.